என்ஜின் ரூமில் ஜன்னல் கிடையாது

இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பலின் என்ஜினுக்கு எண்ணெய் போட்டுவிட்டு ஓய்வு பெற்று வந்த மனுஷனை, ஊரே திமிங்கிலத்தைப் பார்த்தீங்களா என்று கேட்டு உயிரை எடுத்தது.

"பார்க்கல. என்ஜின் ரூம்ல ஜன்னல் கிடையாது. ஷிப்ட் முடிஞ்சா தூக்கம்," என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போதாக்குறைக்கு அவர் மச்சினன். கடற்கரைப் பக்கமே போகாதவன்; ஆனால் கடல் சாகசக் கதை ஒன்று விடாமல் படித்தவன். அன்றைக்கு சலூனில், இவர் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருக்க, அவன் ஆரம்பித்தான்.

"மாமா கப்பலைத் திமிங்கிலம் வாலால ஒரே அடி. கப்பலே சாஞ்சிடுச்சு."

இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடிக்கவும் இல்ல, சாயவும் இல்லடா. திமிங்கிலம் தெரியுதுன்னு எல்லாரும் மேல ஓடினாங்க. ஓடுற என்ஜினை யார் பார்க்கிறது? நான் கீழேயே நின்னேன். மேல போறப்போ வெறும் தண்ணிதான் இருந்துச்சு."

சலூன்காரர் கத்தியை நிறுத்தி யோசித்தார். "நீங்கதான் பார்க்கவே இல்லையே. அப்புறம் அடிக்கலன்னு எப்படிச் சொல்றீங்க?"

பதில் சொல்ல இவர் வாயைத் திறந்தார். அதற்குள் கத்தி தொண்டைக்கு வந்திருந்தது.

"அசையாதீங்க, கீறிடும்," என்ற சலூன்காரர், மச்சினன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி. கப்பல் சாஞ்சுது, அப்புறம்?"