ஏழாம் நம்பர் கவுன்

எங்கள் சலவைக் கடையில் எந்தக் கதவுக்கும் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் கிடையாது. வாடகைக்கு இடம் பிடித்த அன்றே அக்கா ஒரு திருப்புளியோடு வந்து, ஸ்டோர் ரூம், பாத்ரூம், மாடி அறை என்று ஒன்று விடாமல் கழற்றிக் குப்பையில் போட்டாராம். கட்டிடக்காரர் குதியாய்க் குதித்திருக்கிறார். "உள்ள இருக்கிறவங்க பூட்டிக்கட்டும். வெளிய இருக்கிறவங்களுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்?" என்று கேட்டாராம் அக்கா. பன்னிரண்டு வருடமாக அங்கே அழுக்குத் துணி பிரிக்கிறேன், எனக்கும் காரணம் தெரியாது. ஆளுக்கொரு கிறுக்கு, இவருக்கு இது என்று விட்டுவிட்டேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, முதலாளி. குழந்தைகள் இல்லங்களில் பதினெட்டு முடிந்ததும் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்களே, அந்தப் பெண்களுக்காக அன்றைக்கு கேட்டில் நிற்பவர் இவர்தான். மாடியில் தங்க வைத்து, இஸ்திரி கற்றுக்கொடுத்து, மாலை வகுப்புக்குத் துரத்துவார். இதுவரை பத்தொன்பது பேர். ஒருத்தி நர்ஸ். ஒருத்தி பஸ் ஓட்டுகிறாள். ஒருத்தி எங்கள் இஸ்திரிப் பெட்டியையே தூக்கிக்கொண்டு கம்பி நீட்டினாள். "தொழில் கத்துக்கிட்டாள்ல, விடு" என்றார் அக்கா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மழைக்காலத்தில் எங்கள் வண்டிக்காரர் ஒரு புது மூட்டையை இறக்கினார். ஊர்க்கோடியில் இருக்கும் ஓர் இல்லத்துத் துணி. பிள்ளைகளையே துவைக்க விடக்கூடாது என்று குழந்தைகள் நல அதிகாரி சத்தம் போட்டதால் வெளியே தருகிறார்களாம். அக்கா மூட்டையைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "பிரி" என்றார்.

எல்லாம் நீலக் கவுன்கள். ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டியிலும் சிவப்பு நூலில் எண். ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை இருந்தன, ஏழு மட்டும் இல்லை. வண்டிக்காரரிடம் கேட்டேன். "அந்த நம்பரை யாருக்கும் குடுக்கறதில்லையாம்மா. ஏன்னு கேட்டா சமையல்காரம்மா வாயே திறக்கல" என்றார்.

மூன்றாவது திங்கட்கிழமை, மூட்டையின் அடியில் ஏழு வந்தது.

நீலம் இல்லை, பழுப்பு. வெயிலே படாத அறையின் வாடை. பையைத் துழாவாமல் நான் எதையும் மெஷினில் போடமாட்டேன். பேனா ஒன்று மாட்டினால் போதும், அத்தனை துணியும் நாசம். இதன் பையில் ஒரு காய்ந்த ரொட்டித் துண்டு இருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். அவர் கழுத்துப் பட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது என் தையல்" என்றார். அப்புறம் அந்த ரொட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, துப்புங்கக்கா! அழுக்குத் துணியில கிடந்தது!"

துப்பவில்லை. கண்ணை மூடி மெதுவாக மென்றார். "அப்படியேதான் இருக்கு" என்றார். அந்தக் குரல் அக்காவுடையது இல்லை, ஏதோ சின்னப் பிள்ளையின் குரல்.

அன்றைக்குத்தான் சொன்னார். நாலு வயதில் அந்த இல்லத்தில் விட்டுப் போனார்களாம், யார் என்றுகூட நினைவில்லை. அங்கே அவர் ஏழாம் நம்பர். சமையலறைக்குப் பின்னால் ஓர் இருட்டறை, தாழ்ப்பாள் வெளிப்பக்கம். படுக்கையை நனைத்தால் அறை, எதிர்த்துப் பேசினால் அறை. அங்கே பசிக்குமே என்று ரொட்டியைப் பையில் ஒளித்து வைத்துக்கொள்வாராம். பத்து வயதில், கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேலே இருந்த சின்னச் சன்னல் வழியாகப் பிதுங்கி வெளியே வந்து ஓடியே போய்விட்டார்.

"இருபத்தாறு வருஷம் ஆச்சு. இந்தக் கவுன் எப்படி வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

இஸ்திரி மேசையில் இருந்த பெண்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் அதைத் தொடமாட்டேன் என்றாள். நானே துவைத்துக் காயப்போட்டேன். மற்றதெல்லாம் சும்மா தொங்க, அது மட்டும் ஆடியது என்று சத்தியம் செய்தார்கள். "காத்துடி, போய் வேலையைப் பாருங்க!" என்று அதட்டினேன். அன்றைக்குக் காற்றே இல்லை, அது எனக்கும் தெரியும்.

அடுத்த வாரம் ஏழு வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தது, பையில் ரொட்டியோடு. அக்கா அதையும் தின்றார். அதற்கடுத்த வாரமும் வந்தது. ரொட்டி அக்கா வாய்க்குப் போய்விட்டது. நான் கவுனைத் திருப்பிப் பார்த்தேன், முட்டி படும் இடம் கன்னங்கரேல் என்றிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. பேய்க்கு முட்டி அழுக்காகுமா?

என் நோட்டைப் புரட்டினேன். வராத எண்ணைச் சிவப்பில் எழுதிவைப்பது என் வழக்கம். ஏழு வந்த மூன்று வாரமும் இருபத்திரண்டு வரவில்லை. ஏழு வராத வாரம் இருபத்திரண்டு வந்திருக்கிறது.

"அக்கா, இருபத்திரண்டாம் நம்பர் பிள்ளைக்குத்தான் இதை மாட்டி விடறாங்க."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அந்த ரூம்ல வெச்சு. ரெண்டு வாரமா."

வண்டிக்காரர் அதிகாரிக்குப் போன் செய்தார். சாயங்காலம் வருகிறேன் என்றாராம். "சாயங்காலமா? அந்த ரூம்ல சாயங்காலம்னு ஒண்ணு கிடையாது" என்ற அக்கா, கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்தார். "எனக்குப் பயமா இருக்கு. நீயும் வா" என்றார். போனேன்.

நல்ல உச்சி வெயில். அத்தனை பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒரு சத்தம் இல்லை. ஒரு வாண்டு மட்டும் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தது. வார்டன் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், பழைய வார்டன் எப்போதோ போய்விட்டார்.

"இருபத்திரண்டு எங்க?" என்றார் அக்கா.

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கா."

"அப்ப இந்தக் கவுன் யாருது?"

வார்டன் முகம் செத்துப்போனது. "அதைக் கேக்க நீங்க யாரு?"

"நான்தான் ஏழு."

துடைத்துக்கொண்டிருந்த வாண்டு துணியை வீசிவிட்டு வீரிட்டுக்கொண்டு ஓடியது. "கிணத்துல செத்த ஏழு ரூமை விட்டு வந்துடுச்சு!" வார்டன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் புரிந்தது. அக்கா ஓடிப்போனதை மறைக்க, ஏழு கிணற்றில் விழுந்து செத்தாள், அந்த அறையில்தான் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் போய்விட்டார், கதை மட்டும் போகவில்லை. அடங்காத பிள்ளைக்குச் செத்தவளின் கவுனை மாட்டி, செத்தவளோடு அடைத்துவைப்பது. இருபத்தாறு வருடமாக, ஊரே வாழ்த்துகிற என் அக்காவைப் பேயாக்கிப் பிள்ளைகளை மிரட்டியிருக்கிறார்கள், பாவிகள்!

அக்கா யாரிடமும் வழி கேட்கவில்லை. சமையலறையைத் தாண்டினார், திரும்பினார், நின்றார். கதவு அவர் தோள் உயரம்கூட இல்லை. உள்ளே யாரோ யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நிறுத்திப் பேசினார்கள். நான் தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினேன்.

"வேண்டாம், நானே திறக்கறேன்" என்று அக்கா தாழ்ப்பாளை இழுத்தார். பேச்சு நின்றது.

மூலையில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, உள்பாவாடையோடு, பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் பக்கத்தில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். அழவில்லை. அக்கா தோளில் கிடந்த கவுனைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"நீங்கதான் ஏழா?"

"ஆமா கண்ணு."

"இவ்ளோ பெருசாயிட்டீங்களா?"

"ஆயிட்டேன்."

அக்கா குனிந்து உள்ளே போய், அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தார். அக்கா கீழே வைத்துவிட்டுப் போன திருப்புளியை நான் எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்ற ஆரம்பித்தேன். கண்ணீர் மறைத்ததில் திருகாணி தெரியவில்லை.

"பையில ரொட்டி வெச்சேனே, கிடைச்சுதா? உங்களுக்குப் பசிக்கும்னு வெச்சேன்" என்றாள் அந்தப் பிள்ளை.

"கிடைச்சுது" என்றார் அக்கா. "மூணு தடவையும் சாப்பிட்டேன்."