அடிபம்பு பற்றி ஒரு சட்டமன்ற வினா

சட்டமன்ற உறுப்பினர் கேட்ட கேள்வி எங்கள் அலுவலகத்துக்கு வரும்போது உறையின் மேல் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் மேலாளர் காபியைப் பாதியில் வைத்துவிடுவார். மற்றக் கடிதங்களுக்கு ஏழு நாள், பதினைந்து நாள் என்று தவணை உண்டு. இதற்கு அன்று மாலை ஐந்தரை மணிதான். பதிலை ஓர் ஆள் கையோடு எடுத்துக்கொண்டு போவார்; அது மாவட்ட அலுவலகம் வழியாகக் கோட்டைக்குப் போய், ஒருநாள் அமைச்சர் வாயிலிருந்து வெளிவரும்.

அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் குடிநீர்ப் பிரிவு எழுத்தராக இருந்தேன். எந்த ஒன்றியம் என்பது இங்கே தேவையில்லை. வீடு மணவாள நகரில். காலை ஆறு பத்து வண்டியில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வடக்கே போகும் பாசஞ்சருக்கு மாறுவேன். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது என் நாற்காலியில் இருப்பேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் முந்தின நாளின் குறிப்பை எழுதுவேன். பார்த்தது, கேட்டது, நேரம், எண்ணிக்கை. அபிப்பிராயம் எழுதுவதில்லை. இப்போதும் அந்த நோட்டுகளை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆகவே கீழே வருவதில் ஞாபகப்பிசகு இருக்காது.

சட்டமன்ற வினா (அ), (ஆ), (இ) என்று பிரிந்து வரும். (அ)வில் இன்னது உண்மையா என்று கேட்டிருப்பார்கள். (ஆ)வில் ஆம் எனில் காரணம் என்ன, (இ)யில் எப்போது சரிசெய்யப்படும் என்று போகும். (அ)வுக்கு ‘இல்லை’ என்று எழுத இடம் கிடைத்துவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் ‘இவ்வினா எழவில்லை’ என்று ஒரே வரி போதும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று அலுவலகத்தில் பெயர்.

பதிலுக்குக் கீழே ‘துணைவினாக்களுக்கான குறிப்பு’ என்று ஒரு பகுதி இருக்கும். அமைச்சர் பதிலைப் படித்தபின் உறுப்பினர்கள் எழுந்து மேற்கொண்டு கேட்பார்கள். என்ன கேட்பார்கள் என்று முன்னதாகவே யோசித்து, அமைச்சருக்குக் கைகொடுக்கும் விவரங்களை அங்கே எழுத வேண்டும். நாங்கள் அதில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பிவிடுவோம். எழுதாத விவரத்துக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை என்பது மேலாளரின் கொள்கை.

ஒரு வருடம் மார்கழியில் வந்த வினா, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்திட்டில் இருக்கும் ஒரு மீனவர் குப்பத்தைப் பற்றியது. (அ) அங்குள்ள அடிபம்பு பழுதடைந்து கிடப்பது உண்மையா? (ஆ) ஆம் எனில் காரணம் என்ன? (இ) இதுவரை பழுது பார்க்கச் செலவு எவ்வளவு? (ஈ) எப்போது சரிசெய்யப்படும்?

பம்பு பதிவேட்டை எடுத்தேன். ஒன்றியத்துப் பம்புகளைப் பழுதுபார்க்கும் எங்கள் பிட்டர் பத்து நாள் முன்பு போய்ப் பார்த்து, ‘இயங்குகிறது’ என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார். (அ) இல்லை. (ஆ), (இ), (ஈ) இவ்வினாக்கள் எழவில்லை. துணைவினாக்களுக்கான குறிப்பு: இல்லை. பன்னிரண்டு நிமிடத்தில் முடித்ததாக நோட்டில் இருக்கிறது.

அமைச்சர் அதைப் படித்தார். உறுப்பினர் எழுந்து ஏதோ கேட்க முயன்று உட்கார்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அடுத்த வாரம் பிட்டர், வாசர் வாங்க அலுவலகத்துக்கு வந்தார்.

“சார், நம்ப பம்பைப் பத்தி மந்திரியே பேசினாராமே?”

“பேசினார். பழுது இல்லைன்னு சொன்னார்.”

“கரெக்டுதான். பம்பு ராஜா மாதிரி கீது. தண்ணியத்தான் வாயில வெக்க முடியாது.”

“என்ன சொல்றே?”

“உப்பு சார். குழா எறக்கின மறு வருசமே உப்பு. நான் வாசர் மாத்துவேன், உப்பு அதைத் தின்னுடும், மறுபடி மாத்துவேன். எனக்கு சம்பளமே அந்த உப்புலதான் வருது.”

“பதிவேட்டில ஏன் எழுதலை?”

“இயங்குகிறது, இயங்கவில்லை. ரெண்டு கட்டந்தான சார் போட்டுக்கீறீங்க? ருசிக்குக் கட்டம் எங்க கீது?”

பதிவேட்டின் கட்டங்களை வரைந்தவன் நான்தான். பதிலில் ஒரு சொல்லும் பொய் இல்லை, ஆனால் குப்பத்தைப் பற்றி அதில் உண்மையும் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், பிட்டரை அழைத்துக்கொண்டு படகேறினேன்.

படகு கரை தட்டும் இடத்திலிருந்து முப்பது அடியில் பம்பு நின்றது. கைப்பிடி பளபளவென்று இருந்தது. நாலைந்து பெண்கள் அதன் தண்ணீரில் மீன்கூடை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர், கருவாட்டு வியாபாரம் செய்கிற அம்மா, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பம்பு பாக்க வந்தியா நைனா? அடி, அடி. வர்றவங்க எல்லாம் அடிப்பாங்க.”

பிட்டர் சும்மா இருந்திருக்கலாம். “இவருதாம்மா ஆபீஸ்ல பதிலு எழுதினவரு” என்றார்.

“அட, நீதானா அது! பம்பு நல்லாகீதுன்னு மந்திரி வாயாலயே சொல்ல வெச்ச புண்ணியவான்! எம்எல்ஏ இங்க வந்து தலைய சொறிஞ்சுக்கினு நின்னாரு, பாவம். ஓட்டுப் போட்டதுக்கு எங்களுக்கே வெக்கமாப் பூட்சு.”

கூடை கழுவியவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

“எஞ்சினீரு வந்தாரு, அடிச்சாரு. தாசில்தாரு வந்தாரு, அடிச்சாரு. தண்ணி கொட்டிச்சு, பூட்டாங்க. எல்லாரும் அடிச்சுப் பாத்தீங்களே, ஒருத்தராவது குடிச்சுப் பாத்தீங்களா?”

பிட்டர் அடித்தார். நான் கையேந்திக் குடித்தேன். விழுங்க முடியவில்லை.

அதன்பிறகு என் நோட்டில் மூன்று பக்கம் இருக்கிறது. குடிநீருக்கு அவர்கள் அக்கரைக் கிணற்றுக்குப் படகில் போனார்கள். அன்று மதியம் ஒன்று நாற்பதுக்குப் போன படகு நாலே காலுக்குத் திரும்பியது. இருபத்திரண்டு குடம். வீட்டுக்கு ஒரு குடம், குழந்தை இருக்கிற வீட்டுக்கு இரண்டு. காற்று எதிர்த்தால் படகு போகாது. கோடையில் ஏரி வற்றிச் சேறு தட்டும். அப்போது குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தொடைச்சேற்றில் நடக்க வேண்டும்.

“போன கோடையில ரெண்டு நாள் ஒலை வெக்கல” என்றார் அந்த அம்மா. “இந்தக் கோடையும் அப்படித்தான்னா, ஊட்டைப் பிரிச்சுக்கினு எல்லாரும் அக்கரைக்குப் போறதுன்னு முடிவு பண்ணிக்கீறோம். கடலை உட்டுட்டு அங்க போய் இன்னா செய்யறதுன்னுதான் தெரியல.”

தண்ணீர் இல்லாத ஊரா என்றால் அதுவும் இல்லை. குப்பத்துக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில், மணல்மேட்டுக்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்தில் நல்ல தண்ணீர் இருந்தது. அது அவர்களுக்குத் தெரியும். தோப்பு வனத்துறையுடையது, தோண்ட விடமாட்டார்கள்.

“அப்புறம் பம்பை ஏன் இங்கே ஏரியோரமாப் போட்டாங்க?” என்று பிட்டரைக் கேட்டேன்.

“சாமானைப் படகுலேர்ந்து எறக்கினாங்க. மணல்ல தூக்கிக்கினு போக ஆளு இல்ல. எறக்கின எடத்துலயே போட்டுட்டாங்க சார்.”

மறுநாள் அலுவலகத்தில் பழைய கோப்பைத் தேடினேன். தோப்பின் ஓரத்தில் கிணறு தோண்ட அனுமதி கேட்டு எங்கள் அலுவலகம் வனத்துறைக்கு எழுதியிருந்தது. அவர்கள் வரைபடம் கேட்டார்கள். நாங்கள் அனுப்பினோம். வேறு அளவில் கேட்டார்கள். இப்படியே இரண்டு வருடம். இரண்டு துறைகளும் மரியாதையாகவே எழுதிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்கக்கூடிய ஆள் எங்கள் மட்டத்தில் இல்லை.

தை முடிவதற்குள் மறுபடி சிவப்புத் தாள் வந்தது. ஆவலோடு பிரித்தேன். (அ) மேற்படி குப்பத்தின் அடிபம்பு தொடர்ந்து இயங்கி வருகிறதா? (ஆ) இல்லை எனில் காரணம் என்ன? உறுப்பினர் திரும்பவும் பம்பைப் பற்றியே கேட்டிருந்தார். அரசாங்கம் கொடுத்த பொருளைப் பற்றித்தான் எல்லா உறுப்பினர்களும் கேட்பார்கள். அந்தப் பொருளால் மக்களுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்பவர் குறைவு. இந்த வினாவை முடிக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும்.

முடித்தேன். (அ) ஆம். (ஆ) எழவில்லை. விதிப்படி அதுதான் பதில். பிறகு தாளைத் திருப்பி, துணைவினாக்களுக்கான குறிப்பை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முதல் துணைவினாவாக, ‘அந்த நீரைக் குடித்துப் பார்த்தீர்களா?’ என்று எழுதி, அதற்குப் பதிலையும், படகு போன நேரத்தையும், குடக் கணக்கையும், பம்பு பழுதுபார்க்க ஆன செலவில் ஓர் உறைகிணறே கட்டியிருக்கலாம் என்பதையும், சவுக்குத் தோப்புக் கடிதங்களையும் வரிசையாக வைத்தேன்.

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னாய்யா இது? கேட்டது பம்பு. நீ குடிக்கறதைப் பத்தி எழுதிக்கீறே.”

“துணைவினா வரலாம் சார்.”

“வரும்னு உனக்கு ஜோசியம் தெரியுமா?”

“அந்தம்மா என்னையே கேட்டாங்க சார். எம்எல்ஏவைக் கேக்காம உட்டிருப்பாங்களா?”

“கேக்கலன்னா?”

“மந்திரி தாளைத் திருப்பவே மாட்டார். நமக்கு நஷ்டம் இல்லை. ஆனா கேட்டு, மந்திரி கையில ஒண்ணும் இல்லாம நின்னார்னா, சாயங்காலமே போன் வரும் சார். குறிப்பு எழுதினது யாருன்னு.”

அவர் போனை ஒருதரம் பார்த்தார். “பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ” என்று சொல்லிக்கொண்டே சுருக்கொப்பம் போட்டார். அவருக்கு மேலே இருந்த ஒன்றிய ஆணையாளர் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார். எனக்குப் பயம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நோட்டில் நேரம் இருந்தது.

மூன்று வாரம் கழித்துச் சட்டமன்ற நடவடிக்கையின் ஒரு பகுதி, தட்டச்சு செய்து, எங்களுக்கு வந்தது. உறுப்பினர் எழுந்து, பம்பை அடித்துப் பார்த்தீர்கள் சரி, குடித்துப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். அருகில் ‘சிரிப்பு’ என்று குறித்திருந்தது. அமைச்சர், எங்கள் எழுத்தர் ஒருவர் குடித்துப் பார்த்திருக்கிறார், விழுங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார் என்று பதில் சொல்லியிருந்தார். மறுபடி சிரிப்பு. அதற்குக் கீழே, வனத்துறையைக் கவனிக்கும் அமைச்சரும் இங்கேயே இருக்கிறார், பேசிவிட்டேன், கோடைக்கு முன் தோப்பின் ஓரத்தில் உறைகிணறு அமைக்கப்படும் என்று இருந்தது. இரண்டு வருடக் கடிதம் ஒரே பெஞ்சில் தீர்ந்துபோனது.

அவையில் அமைச்சர் அப்படிச் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. நிறைவேறியதா என்று சொல்ல எங்களுக்கு ஒரு படிவம் வரும். பங்குனியில் கிணறு முடிந்தது. ஒப்பந்தக்காரர் சான்றிதழ் கொடுத்தார். “நிறைவேறியதுன்னு போட்டுடுய்யா” என்றார் மேலாளர்.

நான் குப்பத்துக்குப் போனேன். உறையின் புதுச் சிமெண்டில் தண்ணீர் வெளுத்துப்போய் நாறியது. அந்த அம்மா வாளியை என்னிடமிருந்து பிடுங்கிக் கொட்டினார். “பத்து நாள் எறைச்சு ஊத்தணும் நைனா. அவசரப்படாத.”

படிவத்தை எழுதாமல் வைத்திருந்தேன். இந்த முறை சிவப்புத் தாள் என்னைத் தேடி வந்தது, ஏன் தாமதம் என்று. ‘நீர் தெளியவில்லை’ என்று பதில் எழுதினேன். இரண்டாவது சிவப்புத் தாளுக்கும் அதே பதில். மேலாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பதினோராம் நாள் போனபோது அந்த அம்மாவே இறைத்து, சொம்பில் கொடுத்தார். முழுவதும் குடித்தேன். இன்னொரு சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

“இப்ப எழுது” என்றார்.

அங்கேயே கிணற்று உறைமேல் படிவத்தை வைத்து எழுதினேன். அந்தக் கோடையில் குப்பத்தில் யாரும் வீட்டைப் பிரிக்கவில்லை.

சித்திரையில் புதிய பம்பு பதிவேடு போட்டபோது, மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து ‘சுவை’ என்று தலைப்பிட்டேன். பிட்டர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அப்போ எல்லா ஊர்லயும் நான் குடிச்சுப் பாக்கணுமா சார்? நூத்துச் சொச்சம் பம்பு கீது.”

“ஆமாம்” என்றேன். “வெறும் வயித்துல வேணாம். முதல்ல நாஷ்டா பண்ணிட்டுப் போ.”