பூட்டிய அலமாரியில் ஆறு கண்ணாடி

கொடியக்காவின் வலது கண்ணில், மூக்கோரத்திலிருந்து கிளம்பிய ஒரு சதை வெள்ளை விழியைத் தாண்டிக் கருவிழிமேல் ஏறியிருந்தது. சாலை போடும் இடங்களில் பதினோரு வருடம் சிவப்பும் பச்சையுமாகக் கொடி காட்டி நின்றவளுக்கு வெயிலும் புழுதியும் தந்த பரிசு. சூப்பர்வைசருக்கோ வேறு சந்தேகம்.

"காலையிலேயே கண்ணு செவந்திருக்கே, ஏதாவது ஊத்திக்கிட்டியா?"

"ஆமா சார். சொட்டு மருந்து."

போன வருடம் ஓர் இலவச முகாமில் அதை வெட்டினார்கள். ஒரே நாளில் தொண்ணூறு பேர். பத்து நிமிடத்தில் சீவி, கட்டுப் போட்டு, வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆறே மாதத்தில் சதை முன்னைவிடத் தடிமனாகத் திரும்பி வந்தது. முகாம்காரர்கள் போனையே எடுக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சீவின இடத்தை வெறுமனே விட்டிருக்காங்க. மேல் இமைக்கு அடியில, வெள்ளை விழிமேல இருக்கிற மெல்லிசு சவ்வுல கொஞ்சம் எடுத்து அங்க ஒட்டியிருக்கணும். கூட அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்."

"போட்டோ எடுக்க மட்டும் நேரம் இருந்துச்சே! இது புத்துநோயாம்மா?"

"இல்ல. ஆனா கண் பாப்பாவை மூடிட்டா பார்வை போயிடும். நான் ஒட்டி அனுப்புறேன். கறுப்புக் கண்ணாடி இல்லாம வெயில்ல நின்னீங்க, மூணாவது தடவையும் வரும்."

தையல் ஆறி வேலைக்குத் திரும்பியதும் அக்கா கண்ணாடி கேட்டாள். சைட் ஆபீஸ் அலமாரியில் ஆறு இருந்தன. மாதம் இருமுறை வந்து, ஏசி காரைவிட்டு இறங்காமலே போகிறவர்களுக்காக.

"அது விசிட்டருங்களுக்கு. வேணும்னா கடையில வாங்கிக்கோ."

"ஹெல்மெட் நீங்க தர்றீங்க, கொடி நீங்க தர்றீங்க. கண்ணு மட்டும் என் செலவா?"

சூப்பர்வைசர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

மறுநாள் காலை இன்ஜினீயரின் கார் வந்தது. அக்கா சிவப்புக் கொடியைத் தூக்கினாள். டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்தினார். கொடி இறங்கவில்லை. பின்னால் வண்டிகள் சேர்ந்தன. கடைசியில் இன்ஜினீயர் ஜன்னலை இறக்கினார்.

"என்னம்மா பிரச்சினை?"

"எதிர் வெயில் சார். கண்ணு கூசுது. அந்தப் பக்கம் லாரி வருதா இல்லையான்னே தெரியல. தெரியாம உங்கள எப்படி விடுறது? உங்களுக்குன்னு பூட்டி வெச்ச கண்ணாடியில ஒண்ணு கெடச்சா தெரியும்."

சூப்பர்வைசர் ஓடிவந்தார். கையில் கண்ணாடி, அதில் கிழிக்காத விலைச்சீட்டு. அக்கா அவசரமே படாமல் சீட்டை உரித்தாள், துடைத்தாள், மாட்டினாள். இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தாள்.

பிறகு பச்சையைக் காட்டினாள்.