பிடியில் பதிந்த கட்டைவிரல்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரி நர்ஸ். பிணவறைக்குத் தனியாகப் போய்ப் பூட்டிவிட்டு வந்து, கை கழுவி, சாப்பிட்டவள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "போய் வேலையைப் பாருங்க" என்பேன். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன்... இது நடந்தது. போன டிசம்பரில், என் பக்கத்து வீட்டு நுவாலாவுக்கு. அயர்லாந்தில் இந்த என்னிஸ் ஊருக்கு நான் வந்து பத்தொன்பது வருடம். அத்தனை வருடத்தில் நுவாலா ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

நுவாலாவுக்கு அறுபத்திரண்டு வயது. தபால் ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவள். புருஷன் டோனல் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர். வலை இழுக்கும் இயந்திரத்தில் வலது கட்டைவிரலின் மேல் பாதி போய்விட்டது. அந்த மொட்டை விரலை ஆட்டிக் காட்டித்தான் தெருக் குழந்தைகளைச் சிரிக்க வைப்பார். மற்றபடி வாயைத் திறக்க மாட்டார். அவர் பங்கையும் சேர்த்து நுவாலாவே பேசுவாள்.

ஒவ்வொரு டிசம்பரும் இருவரும் காரை எடுத்துக்கொண்டு மேற்குக் கடற்கரையோரம் நாலு நாள் சுற்றுவார்கள். வேறெங்கும் இல்லை, குயவர்களின் பட்டறைகளுக்குத்தான். எல்லா இடத்திலும் டீ குடிப்பார்கள். நுவாலா ஊர்க்கதை பேசுவாள். டோனல் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சக்கரம் சுற்றுவதை இருட்டும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார். அதில் அவருக்கு என்ன சுகமோ!

டோனலுக்கு ஒரு கோப்பை உண்டு. பதினாறு வருடம் முன்பு சந்தையில் வாங்கியது. செய்தவர் யாரென்று தெரியாது. அடியில் பறவைக் கால் மாதிரி மூன்று கோடு முத்திரை. பிடி வந்து கோப்பையோடு சேரும் இடத்தில், குயவர் விரல் அழுத்திய பள்ளம். டோனலின் மொட்டை விரல் அதில் அளவெடுத்த மாதிரி உட்காரும். டீ என்றால் அதில்தான்.

மார்ச்சில் டோனல் போய்விட்டார். சமையலறை மேஜையில், தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

அக்டோபர் பதினேழாம் தேதி அந்தக் கோப்பை நுவாலாவின் கையிலிருந்து நழுவியது. சில்லு பொறுக்கும்போது வலது கட்டைவிரலில் குறுக்காக வெட்டு. மூன்று தையல். கூட்டிக்கொண்டு போனது நான்தான். அதனால் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடக்கத்தன்று அழாதவள், அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அப்படி அழுதாள்.

"அதே மாதிரி ஒண்ணு வேணும்டி. அது இல்லாம அந்த மேஜையில என்னால உக்கார முடியல."

அதற்குப் பிறகு டீயை அவள் நின்றுகொண்டே, பாத்திரம் கழுவும் இடத்தில்தான் குடித்தாள். பார்க்கவே மனசு கேட்காது.

டிசம்பர் வந்தது. முத்திரை இருந்த சில்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள்.

முதல் பட்டறை கின்வாராவில் மார்ட்டினுடையது. பல வருடப் பழக்கம். அப்போதுதான் சூளையைத் திறந்திருந்தான். காரைப் பார்த்ததும் கையைக் கூடக் கழுவாமல் வெளியே வந்தான்.

"வா மகாராணி! எங்க உன் ஊமைத்துரை? கார்லயே தூங்கிட்டானா?"

"போயிட்டாரு மார்ட்டின். மார்ச்ல."

அவன் கையைத் துணியில் துடைத்தான். உள்ளே போய்க் கெண்டியை அடுப்பில் வைத்தான். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். சூளையிலிருந்து எடுத்து அடுக்கிய பாண்டங்கள் மட்டும் சின்னச் சின்னதாகச் சத்தம் போட்டன.

டிங்... டிங்...

"சூடு ஆறும்போது மேல்பூச்சு இப்படித்தான் கத்தும்" என்றான் மார்ட்டின். "ஒரு நாள், ரெண்டு நாள். ஆறிப்போச்சுன்னா கப்சிப்."

சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கடற்பாசிச் சாம்பல் பூச்சு. கார்னா பக்கம் யாரோ ஒரு அம்மா பண்ணுதுன்னு கேள்வி. நான் பார்த்ததில்ல."

கிளம்பும்போது, மூடியிருந்த இன்னொரு சூளையை எட்டிப் பார்க்கப் போனாள் நுவாலா. அவன் பதறிவிட்டான்.

"ஐயோ, அதைத் தொடாதே! அடைச்சவங்கதான் திறக்கணும். அவங்க வாயால சொன்னா மட்டும்தான் இன்னொருத்தர் தொடலாம். என் பொண்டாட்டி என் பாக்கெட்டைத் திறப்பா, சூளையைத் திறக்க மாட்டா."

மறுநாள் கார்னா சாலை. ஒரு பக்கம் சதுப்பு, ஒரு பக்கம் கடல். பேச்சுத் துணைக்கு ரேடியோ, அதுவும் பாதி வழியில் கரகரத்து நின்றுவிட்டது. பக்கத்து இருக்கையில் டோனலின் தொப்பி இருந்தது. அதை எடுக்க அவளுக்கு இன்னும் மனசு வரவில்லை.

மூன்று நாற்பது. கல் சுவரோரம் ஒரு பலகை.

அதில் பறவைக் கால். மூன்று கோடு.

 நுவாலா காரை நிறுத்திவிட்டு ஓடாத குறையாகப் போனாள். நீளமான தாழ்ந்த கொட்டகை. கதவு திறந்திருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. இந்தக் குளிரில் அடுப்பு மூட்டாமல் யார் வேலை செய்வார்கள்? அதைக்கூட அவள் பிறகுதான் யோசித்தாள்.

உள்ளே ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலால் சக்கரத்தை உதைத்துக்கொண்டிருந்தாள். ஆண்பிள்ளை ஸ்வெட்டர். நரைத்த கொண்டை.

கர்ர்... கர்ர்...

"வா கண்ணு. கதவைச் சாத்து" என்றாள், திரும்பாமலே.

நுவாலா சாத்தினாள். அலமாரி முழுக்கக் கோப்பைகள், எல்லாம் இரண்டிரண்டாக. பேச்சுக்கு அவளிடம் பஞ்சமா? மழை, சாலை, சாலையில் மறித்த ஆடு என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். அந்தப் பெண் "ம்" கொட்டினாள். பெயர் பெகீன் என்றாள்.

பத்து நிமிடம் ஆனது. பெகீன் டீ வேண்டுமா என்று கேட்கவில்லை.

உங்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். இந்த நாட்டில் கடன்காரன் வந்தால்கூட முதலில் டீ போட்டுவிட்டுத்தான் சண்டை போடுவார்கள். நுவாலாவுக்கு ஏதோ உறுத்தியது.

சில்லை எடுத்து நீட்டினாள். பெகீன் வாங்கிப் பார்த்தாள். அவள் கை முழுக்க ஈரக் களிமண். ஆனால் கைக்குட்டையில் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை.

"என்னுதுதான். ஜோடியால்ல பண்ணேன்? ஒண்ணை மட்டும் ஏன் வாங்கினீங்க?"

"என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. அவருக்கு மட்டும்னு..."

"தப்பு. தனியா இருந்தா உடையும்."

டிங்...

கொட்டகையின் கோடியில் சூளை. வாய் செங்கல்லால் அடைத்து, மண் பூசியிருந்தது. சத்தம் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

"இன்னும் ஆறல" என்றாள் பெகீன்.

நுவாலா குளிருக்கு இதமாக இருக்குமே என்று அந்தச் செங்கல்லில் கையை வைத்தாள்.

பனிக்கட்டி.

கையை இழுத்துக்கொண்டாள். மணி நாலு ஐந்து. சன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பெகீன் விளக்கு போடவில்லை. நுவாலா மூச்சு விட்டால் வாயிலிருந்து ஆவி வந்தது.

பெகீனுக்கு வரவில்லை.

"கட்டைவிரலைக் கொடு" என்றாள் பெகீன். கையில் இன்னும் சுடாத ஒரு பச்சைக் கோப்பை. பிடி அப்போதுதான் ஒட்டியிருந்தது. "இங்க அழுத்து. அப்பத்தான் உன்னுது."

ஏன் கொடுத்தாள் என்று நான் கேட்டேன். "தெரியலடி. அந்தக் கோப்பைக்காகத்தான வந்தேன்" என்றாள்.

அழுத்தினாள். களிமண் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் கொட்டகையிலேயே அது ஒன்றுதான் வெதுவெதுப்பு. எடுத்தபோது பள்ளத்தின் குறுக்கே அவள் தழும்பு, மூன்று தையல் தடத்தோடு, அப்படியே பதிந்திருந்தது.

"இதுக்கு ஜோடி?" என்றாள் நுவாலா. 

"அவரு அப்பவே வந்து விரலை வெச்சுட்டாரு."

"யாரு...?"

டிங்...

"பேச்சே கிடையாது. அந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தாரு. இருட்டுற வரைக்கும்."

சக்கரத்துக்கு எதிரே ஒரு ஸ்டூல். காலி.

நாலு இருபத்தெட்டு. பெகீனின் முகம் இப்போது தெரியவில்லை. குரல் மட்டும்.

"நீயும் இரேன் கண்ணு."

"நான்... நான் போகணும்."

"எல்லாரும் போயிடறீங்க."

கர்ர்... கர்ர்... சக்கரம் சுற்றியது. உதைக்கும் கால் மட்டும் அசையவில்லை.

நுவாலா திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்தாள்.

கதவு முதுகில் இடித்தது.

"யாரையாவது சூளையைத் திறக்கச் சொல்லு. நான் அடைச்சுட்டேன்... என்னால திறக்க முடியல. நான் சொன்னேன்னு சொல்லு..."

டிங்.

டிங்.

டிங்.

காருக்குள் விழுந்து சாவியைத் திருகியபோது நாலு முப்பத்தொன்று. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். கல் சுவர் மட்டும். பலகை இல்லை.

ஐந்து மைல் தள்ளி ஒரு கடை. கடைக்காரர் கோல்மன் அவள் முகத்தைப் பார்த்ததுமே கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டார். அவள் பெகீன் என்றதும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்த பெகீன்மா?"

"குயவர். அந்தக் கொட்டகையில..."

"அது பூட்டிக் கெடக்குதே. அந்தம்மா செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. அன்னைக்குத்தான் சூளையை மூட்டி அடைச்சுட்டு வீட்டுக்குள்ள போச்சு. மூணு நாள் கழிச்சுத்தான் யாருக்கும் தெரிஞ்சுது. தனிக்கட்டை, பாவம்."

அன்று கோல்மன் வீட்டு மாடியில் தங்கினாள். தூங்கவில்லை. மறுநாள் காலை பத்தரைக்கு பெகீனின் அண்ணன் மகன் ஃபெஸ்டியை வரவழைத்தார்கள். பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்ததால் அறுக்க வேண்டியிருந்தது. உள்ளே கூரையில் ஓட்டை. சக்கரத்தின் மேல் களிமண் வெடித்துக் காய்ந்து கிடந்தது. தரையில் விரலளவு தூசி. அந்தத் தூசியில் ஒரே ஒரு ஆளின் காலடிகள், சூளைவரை போய்த் திரும்பியிருந்தன.

நுவாலாவின் ரப்பர் பூட்ஸ்.

"என்னம்மா இது?" என்றான் ஃபெஸ்டி. 

"சூளையைத் திறங்க."

"ஐயோ, மாட்டேன். எத்தனையோ குயவங்க வந்து பார்த்தாங்க. ஒருத்தரும் தொடல. அடைச்சவங்கதான்..."

"அவங்கதான் சொன்னாங்க. நேத்து. என்கிட்ட."

அவன் கோல்மனைப் பார்த்தான். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். ஃபெஸ்டி போய்க் கடப்பாரை எடுத்து வந்தான். பூசிய மண் கல்லாக இறுகியிருந்தது. ஒரு விரிசல் இல்லை. பதினொன்று இருபதுக்கு முதல் செங்கல் விழுந்தது.

உள்ளே தட்டுகள், கிண்ணங்கள், எல்லாம் வெடித்துச் சிதறிக் கிடந்தன. முன்வரிசையில் இரண்டு கோப்பைகள் மட்டும் முழுசாக, ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நின்றன.

ஒன்றின் பிடியடியில் குட்டையான பள்ளம். நகமில்லாத மொட்டை விரல். அவள் முப்பத்தைந்து வருடம் கோத்துக்கொண்டு நடந்த கை அது. அவளுக்குத் தெரியாதா?

இன்னொன்றில் குறுக்காக ஒரு தழும்பு. மூன்று தையல்.

சுட்டு இறுகிய கல். நுவாலா தன் விரலை வைத்தாள். பொருந்தியது.

சூளையை அடைத்துப் பதினோரு வருடம். தையல் போட்டது போன அக்டோபர் பதினேழு. நான் பக்கத்தில் நின்றேன். இதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

டிசம்பர் கடைசியில் நுவாலா என்னை டீக்குக் கூப்பிட்டாள். மேஜையில்தான் உட்கார்ந்திருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். அவள் கோப்பையில் டீ. எதிரே டோனலின் கோப்பை, வெறுமையாக. நான் கோட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கதை முழுவதையும் அப்போதுதான் சொன்னாள்.

சொல்லி முடித்தபோது மணி நாலு இருபத்தெட்டு.

டிங்...

காலிக் கோப்பையிலிருந்து. தொட்டேன். ஒன்றும் ஊற்றாத கோப்பை... சுட்டது.

மார்ட்டின் சொன்னது ஞாபகம் வந்தது. ஆறிப்போனால் கப்சிப்.

"நுவாலா... உனக்குப் பயமா இல்லையா?"

"பயமா?" அவள் டீயை உறிஞ்சினாள். "ஒன்பது மாசமா இந்த வீட்ல ஒரு சத்தம் இல்லடி."

பிறகு என்னைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்.

"நீ கொஞ்சம் தள்ளி உக்காரு. அது அவரு நாற்காலி."