இனிஷியலில் தொலைந்தவர்

சித்தப்பாவின் குரல் எங்கள் வீட்டுக்கு ஒரு கேசட்டில் வந்தது. துபாயிலிருந்து லீவில் வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், கோடாலித் தைலப் பாட்டில்களோடும் ஒரு டார்ச் லைட்டோடும் சேர்த்து அதைக் கொண்டுவந்து கொடுத்தார். டேப் ரெக்கார்டரை வாடகைக்கு எடுத்துவந்து நடுவீட்டில் வைத்தோம். சித்தப்பா முதலில் தாத்தாவை விசாரித்தார். பிறகு அப்பாவை, அம்மாவை, மாட்டை, கிணற்றைக் கூட விசாரித்தார். நான் அப்போது தொடக்கப் பள்ளிக்கூடம். "சின்னக்குட்டி படிக்கிறாளா, இல்ல இன்னும் மண்ணத் திங்கிறாளா" என்று கேட்டதும் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கல்யாணமாகி மூன்றாம் மாதமே தான் விட்டுவிட்டு விமானம் ஏறிய சித்தியைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தாத்தா முன்னால் ஒலிக்கப்போகிற கேசட் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் ஒரு இருமல், கொஞ்சம் இடைவெளி, அப்புறம் "எல்லாரும் ஒடம்பப் பாத்துக்கங்க" என்றார். அந்த 'எல்லாரும்' தான்தான் என்று சித்திக்குப் புரிந்திருக்க வேண்டும். அடுப்படிக் கதவின் பின்னால் நின்றவள் அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னாள்.

அதற்குப் பிறகு கேசட் வரவில்லை. கடிதமும் குறைந்து நின்றுபோனது. விமானம் ஏறிப் போனவரைப் பற்றி ஊர் சும்மா இருக்குமா? அங்கே ஒரு மலையாளத்துக்காரியோடு குடித்தனம் என்றார்கள். கட்டடத்திலிருந்து விழுந்துவிட்டார் என்றார்கள். ஜெயிலில் என்றார்கள். மகனைப் பற்றி ஒன்றும் தெரியாமலே தாத்தா போய்ச் சேர்ந்தார். இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று பெரியவர்கள் கூடி, ஆளைப் போல் ஒரு உருவம் செய்து வைத்துக் காரியம் செய்துவிடலாம் என்று பேசினார்கள். சித்தி நடுவில் வந்து நின்றாள். "செத்துட்டாருன்னு கண்ணால பாத்த ஒரு ஆளு வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் எம் பொட்ட ஒருத்தரும் தொடப்பிடாது" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. குங்குமம் வைத்துக்கொண்டே அவளுக்குத் தலை நரைத்தது. கல்யாண வீடுகளில் அவளை முன்னால் கூப்பிடலாமா வேண்டாமா என்று பெண்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். அவள் யாரையும் சங்கடப்படுத்தாமல் பந்தியில் போய் இலை போட ஆரம்பித்துவிடுவாள்.

கல்யாணமாகி நான் இந்த நாட்டுக்குப் புறப்பட்டபோது, சித்தி என்னிடம் தங்கம் கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. "அங்ஙன கொஞ்சம் விசாரி தாயி. இருக்காரா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். இல்லன்னா என்னைக்குன்னு தெரியணும். திதி குடுக்கணும்ல" என்றாள். எனக்கு ஷார்ஜாவில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, வாடகை குறைவு என்பதால் அஜ்மானில் வீடு. தினமும் போக வர டிராபிக்கில் பாதி ஆயுள் போகும். மிச்ச ஆயுளில் சித்தப்பாவைத் தேடினேன்.

தேடுவதற்கு இதைப் போல் மோசமான ஊர் கிடையாது. எண்ணெய் கிடைத்து, கட்டடம் எழும்பி, உலகமே சம்பாதிக்க ஓடிவந்த காலத்தில் வந்தவர் அவர். தங்கம் கிடைக்கிறது என்று கேட்டு ஓடியவர்களின் ஊர் போலத்தான் இதுவும். வந்தவன் எவனும் இருப்பதற்காக வரவில்லை. அதனால் எவனையும் எவனும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. சித்தப்பா கடைசியாக எழுதிய முகவரியில் இருந்த லேபர் கேம்ப் இப்போது ஒரு பெரிய மால். அங்கே போய் விசாரித்தபோது செக்யூரிட்டி எனக்குப் பார்க்கிங் டிக்கெட் எங்கே எடுப்பது என்று விளக்கினார். ஆஸ்பத்திரிகளில் கேட்டேன். பழைய தமிழர்கள் கூடும் பொங்கல் விழாக்களில் கேட்டேன். தகன மைதான அலுவலகத்தில் ஒரு மலையாளி பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேரில ஆளில்ல சேச்சி. இல்லாதது நல்லதுதானே" என்றார். ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியத்தோடு வீட்டுக்கு வந்தேன். என் கணவர் "சிஐடி மேடம் வந்தாச்சு" என்பார். இங்கேயே வளர்ந்த என் மகள் "மாம், ஜஸ்ட் கூகுள் ஹிம்" என்பாள். சிரித்துவிட்டு சித்திக்கு போன் போடுவேன். ஆளில்லை என்றால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். "நல்லது தாயி" என்பாள். எனக்கும் அது கொஞ்சம் தெம்பாகத்தான் இருந்தது.

இந்தத் தேடலைத் திருப்பிப் போட்டவள் என் அம்மா. அவளுக்கு எதையும் தேடத் தெரியாது. விசிட் விசாவில் வந்திருந்தாள். எனக்குக் கழுத்துவலி என்று ஒரு கிளினிக்கில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். பிலிப்பினோ நர்ஸ் வெளியே வந்து, என் அப்பாவின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். நான் எழுந்து நின்றேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "தாலி கட்டிக்கிட்ட நானே ஒரு நாளும் அந்தப் பேரச் சொன்னதில்ல. இவ என்னடி ஏலம் போடுற மாதிரி கூவுறா? நீ என்னடி எந்திரிக்கிற?" என்று சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு.

எனக்கு இது பழகிப்போன விஷயம். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நிற்கும் இனிஷியலை பாஸ்போர்ட்டில் விரித்து எழுதச் சொல்வார்கள். அப்பாவின் பெயர் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த நாட்டில் முன்னால் இருப்பதுதான் பெயர். ஆபிசில் என்னை எல்லோரும் கூப்பிடுவது அப்பா பெயரைச் சொல்லித்தான். சம்பளம் அப்பாவுக்கு, லீவு அப்பாவுக்கு, திட்டும் அப்பாவுக்கு. இதை வைத்துத் தமிழர்கள் அடிக்காத ஜோக் இல்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, உங்க தாத்தா இங்க வரல. வந்திருந்தா அவுக அப்பாருல்ல சம்பளம் வாங்கிருப்பாரு" என்றாள். நான் டாக்டர் அறைக்குள் போகாமல் அங்கேயே நின்றுவிட்டேன். தாத்தா வரவில்லை. ஆனால் தாத்தாவின் பெயர் வந்திருக்கும். சித்தப்பாவின் இனிஷியல் 'க'. தாத்தாவின் பெயர் கருப்பையா. தினமும் அப்பா பெயருக்குத் திரும்பிப் பார்க்கிற நான், இத்தனை காலமும் சித்தப்பாவை அவருடைய பெயரில் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையே, பழைய ஆட்கள் அதிகம் புழங்கும் அஜ்மான் மீன் மார்க்கெட் பக்கம் போய், கருப்பையா என்று ஒருவரைத் தெரியுமா என்று கேட்டேன். மீன் வெட்டுகிற பெங்காலி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "லாஞ்ச்வாலா கருப்பாயியா? ஓ தோ மர் கயா, பெஹென்" என்றான். போய்விட்டார் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். மீன் செதில் பறந்துகொண்டிருந்த இடத்தில், யாரோ ஒருவன் வேலையை நிறுத்தாமல் சொல்ல. அழக்கூட இடமில்லை அங்கே. அவன்தான் கத்தியாலேயே ஒரு சந்தைக் காட்டி, அங்கே தையல்கடை வைத்திருப்பவரைக் கேட்கச் சொன்னான். கருப்பையாவோடு ஒரே ரூமில் இருந்தவராம்.

தையல்கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். எழுபதைத் தாண்டியவர். நான் யாரென்று சொன்னதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சித்தப்பா லாஞ்ச் என்கிற மரப்படகுகளைப் பழுது பார்க்கும் இடத்தில் வேலை பார்த்தாராம். வந்த கம்பெனி மூடிப்போய், பாஸ்போர்ட் விசா கொடுத்த கபீலிடம் சிக்கி, கேம்ப்பை விட்டு வெளியே வந்து, 'கல்லிவல்லி' ஆனவராம். விசாப் பத்திரம் எதுவும் இல்லாமல் ஒளிந்து வேலை செய்கிறவனுக்கு இங்கே அதுதான் பெயர். "கையிலை ஒண்டுமில்லாமல் என்னத்தை எழுதுறது எண்டு இருந்திட்டார் பிள்ளை. பிறகு இவ்வளவு காலம் எழுதாமல் இப்ப எப்பிடி எழுதுறது எண்டு இருந்திட்டார்" என்றார். இறந்தது நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு முந்திய வருடம், நெஞ்சுவலி, தைப்பூசத்துக்கு அடுத்த நாள். நாலு பேராகச் சேர்ந்து தகனம் செய்தார்களாம். கருப்பையா என்று தேடியிருந்தால் தகன மைதானப் பதிவில் முதல் நாளே அகப்பட்டிருப்பார்.

"அவர் ஏன் ஐயா ஊருக்கே வரவில்லை?" என்று கேட்டேன். அதைக் கேட்காமல் வந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நீங்கள் கோவிக்கக் கூடாது. ஒருக்காப் பொதுமன்னிப்பு விட்டவங்கள். பத்திரம் இல்லாத ஆக்கள் தண்டமில்லாமல் ஊருக்குப் போகலாம் எண்டு. அவருக்குப் போக ஆசை. வீட்டிலை சேத்துக்கொள்ளுவினமோ எண்டு பயம். எக்ஸ்சேஞ்சிலை கேட்டு உங்கட வீட்டு நம்பரை எடுத்து, 'எனக்குக் குரல் வராது, நீ கேட்டுப் பார்' எண்டு என்னட்டைத் தந்தார். நான்தான் கோல் எடுத்தனான். ஒரு பொம்பிளை எடுத்தா. 'கருப்பையா வீடோ?' எண்டு கேட்டன். 'அவுக போயி ரொம்ப வருசமாச்சு' எண்டா. அந்தக் குரலிலை ஒரு கோவமில்லை, அழுகையில்லை. ஒரு பொம்பிளை அவ்வளவு நிதானமாச் சொன்னால் அதுக்கு மேலை என்னத்தைக் கதைக்கிறது? வச்சிட்டன். 'நீ செத்துக் கன காலம் எண்டு சொல்லுகினம்' எண்டு அவரிட்டைச் சொன்னன். 'சரி' எண்டார். பிறகு ஊர்க் கதையே எடுக்கேல்லை."

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. நான் கல்லூரி லீவில் வீட்டிலிருந்தேன். சாப்பிடும்போது சித்தி, "இன்னைக்கு யாரோ மாமாவக் கேட்டு போன் பண்ணாக. பேச்சு ஒரு மாதிரி இருந்துச்சு. போயி ரொம்ப வருசமாச்சேன்னேன், வச்சுட்டாக" என்றாள். மாமா என்றால் அவளுடைய மாமனார், என் தாத்தா. அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "மேல் லோகத்து நம்பரக் குடுத்திருக்க வேண்டியதுதான" என்றார். எல்லோரும் சிரித்தோம். சித்தியும் சிரித்தாள்.

"ஐயா, கருப்பையா என் தாத்தா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பாஸ்போர்ட், இனிஷியல் எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி சொன்னது மாமனாரைப் பற்றி என்று சொன்னேன். அவர் தைத்து முடிக்காத ஒரு சட்டையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். "அப்ப நான் ஆரைக் கேட்டனான்?" என்றார். எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டார் என்பதைச் சித்தப்பாவிடம் அவர் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவருக்குத் தெரிந்து அந்த ஆளுக்கு வேறு பெயர் கிடையாது. தன் அப்பா இறந்துபோனது தெரியாத சித்தப்பாவுக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஒரு மனிதர் ஊர் திரும்பாமல் போவதற்கு அது போதுமானதாக இருந்தது. யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது எனக்கு. கிடைத்தவர் அந்தக் கிழவர்தான். அவரோ எனக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தார்.

அடுத்து வந்த லீவில் ஊருக்குப் போனேன். இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சித்தியைத் தனியாக உட்காரவைத்து, கூட இருந்து தகனம் செய்தவரைப் பார்த்தேன் என்றேன், தைப்பூசத்துக்கு மறுநாள் என்றேன். அவள் உடனே அழவில்லை. திதியை விரல் விட்டு எண்ணினாள். "பிரதமை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். நாங்கள் யாரும் தொடக்கூடாது என்றிருந்ததை அவளே, வியர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வேறொரு பெண்ணோடு இருந்தாரா என்று நான் எதிர்பார்த்த கேள்வியை அவள் கேட்கவே இல்லை.

"நம்மளத் தேடவே இல்லையாத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

வழி நெடுகிலும் யோசித்து வைத்திருந்த பதில்தான். தேடவில்லை என்றால் அது அவருக்குச் செய்கிற துரோகம். நடந்ததைச் சொன்னால் அவளை உயிரோடு புதைப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பொய்யைத் தயாரித்துக் கொண்டுவந்திருந்தேன். "தேடாம இருப்பாரா சித்தி? திரும்பி வரணும்னுதான் இருந்தாராம். இங்க போன் போட்டுப் பாத்தாங்களாம். லைன் கெடைக்கலையாம்" என்றேன்.

சித்தி தடவிக்கொடுத்த கையை எடுத்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டு போனா? அது ஒரு நாளும் கெட்டதில்லையே தாயி. யாரு கூப்பிட்டாலும் நாந்தான ஓடிப்போயி எடுப்பேன்" என்றாள்.