பேர் சொல்லாத உல்மெகென்

உல்மெகென் ரஷ்யக் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பனி உருகிக்கொண்டிருந்தது. கலகக்காரர்களுக்குக் குதிரை கொடுத்தான் என்று ரஷ்யச் சிப்பாய்கள் அவள் கணவன் பால்தாவைப் பிடித்துப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. சொந்தக்காரர் வந்து பேர் சொன்னால் விடுதலை, யாரும் வராவிட்டால் சைபீரியா என்று உத்தரவு. மாமனார் படுத்த படுக்கை. கொழுந்தன் ஜானுசாக்கால் குட்டி போடும் ஆடுகளை விட்டு நகர முடியவில்லை. அதனால் அவளே இரண்டு நாள் குதிரையேறி வந்தாள்.

வாசலில் இருந்த மொழிபெயர்ப்பாளன் நகரத்துத் தாத்தார் இனத்தான், எங்கள் ஆள் இல்லை.

"யாரும்மா வேணும்? பேரச் சொல்லு."

"பிளப்பான்" என்றாள்.

பால்தா என்றால் கோடரி. கணவன் பேரைச் சொல்லும் பெண் எங்கள் புல்வெளியில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து விறகு வெட்டும் கோடரியைக்கூடப் பிளப்பான் என்றே அவள் சொல்லிப் பழகியிருந்தாள். எங்கள் ஆள் யாராவது கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே "பால்தாவா?" என்றிருப்பான். நாலு மொழி படித்த அந்த மடையனுக்கு அது தெரியவில்லை.

"அப்படி ஒருத்தனும் இல்ல. குளிர்ல பதினோரு பேரு காய்ச்சல்ல போய்ட்டாங்க, அவங்க பேரையெல்லாம் பட்டியல்லேர்ந்து அடிச்சாச்சு. உன் ஆளும் அதுல இருப்பான். தள்ளிக்கம்மா, பின்னால ஆளு நிக்குது."

பாவி மகள் நம்பிவிட்டாள். வழியெல்லாம் முகத்தைக் கீறிக்கொண்டு அழுதாள். வருஷம் திரும்பியதும் குதிரை அறுத்து நினைவு விருந்து வைத்தார்கள். பிறகு வழக்கப்படி ஜானுசாக்குக்கே அவளைக் கட்டிவைத்தார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்தது.

ஏழாம் வருஷம் கோடையில் பால்தா சைபீரியாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தான். கூடாரத்துக்குள் உட்கார்ந்தான். தம்பி தலை நிமிரவில்லை. அவள் புளித்த குதிரைப்பால் குமிஸைக் கிண்ணத்தில் நீட்டினாள்.

"அன்னைக்கு வாசல்ல உன் குரல் மட்டும் கேட்டுச்சு, வார்த்த கேக்கல" என்றான் பால்தா. "எந்திரிச்சு இடுப்பு வாரெல்லாம் கட்டிக்கிட்டு கெளம்பத் தயாரா நின்னேன். காவக்காரன் ஒவ்வொருத்தனா கூப்பிட்டான். என்னைய மட்டும் கூப்பிடல."

"சொன்னேனே. பிளப்பான்னு சொன்னேனே."

சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு பேரைச் சொல்லக் கூசி, உயிரோடு இருந்தவனுக்கு ஒப்பாரி வைத்தோமே என்று நெஞ்சு வெடித்தது. இப்போதாவது ஒரு தரம் சொல்லிவிட வாயைத் திறந்தாள்.

பால்தா குழந்தையைப் பார்த்தான். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு எழுந்தான். தம்பி மனைவியை அழைக்கும் முறையில் பேசினான்.

"கெலின், பிள்ளைய வெயில்ல விடாதம்மா. நான் வர்றேன்."

கணவனின் அண்ணன் பேரும் எங்கள் பெண்கள் வாயில் வரக் கூடாதது. அவன் மேட்டைத் தாண்டி மறையும்வரை அவளால் அவனைக் கூப்பிட முடியவில்லை.