செம்மண் ஓடையில் வழி விட்டவன்

இது நடந்தது. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நடந்ததுதான். சந்தேகம் இருப்பவர்கள் காட்டேரிக்குப்பம் தாண்டி ஆற்றுப் பக்கம் ஒருநாள் உச்சி வெயிலில் போய்ப் பாருங்கள். செம்மண் ஓடையின் குறுகலான இடத்தில், சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு ஓர் ஆள் நிற்பான். பெயர் ராஜ்மோகன். யார் சொன்னாலும் நகர மாட்டான். ஊரில் பைத்தியம் என்கிறார்கள். பைத்தியமாக இருந்தால் அவனுக்கு எவ்வளவோ நல்லது.

ராஜ்மோகனுக்கு வீடு அந்த ஆற்றுப் பக்கத்து ஊரில், வில்லியனூரில் சைக்கிள் கடை. சாதா சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன், புதுச்சேரியிலிருந்து கியர் சைக்கிளோடு வந்தவர்களைப் பார்த்து அந்தப் பித்துப் பிடித்தவன். தார் ரோட்டில் ஓட்டுவது அவனுக்குப் பிடிக்காது. காடு வேண்டும், பள்ளம் வேண்டும், விழுந்தால் முட்டி பெயர வேண்டும். அதற்கென்றே அவனும் அவன் தெருவில் இருந்த அன்புராஜும் சேர்ந்து ஒரு பாதை போட்டார்கள். ஆற்றங்கரையில் ஆரம்பிக்கும். மழைத் தண்ணீர் அறுத்த செம்மண் ஓடைக்குள் இறங்கும். இரண்டு பக்கமும் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்சுவர். ஓடை ஏறினால் முந்திரித் தோப்பு. தோப்பு முடிந்தால் ராஜ்மோகன் வீட்டுக் கொல்லைப்புறம். ஓட்டி வருகிறவர்களுக்கு அங்கேதான் அவன் மனைவி தேவி இட்லி வைப்பாள்.

ஓடைக்குள் ஒரு சைக்கிள்தான் போக முடியும். அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பின்னால் வருகிறவன் வேகமாக வந்தால் "சைடு!" என்று குரல் கொடுப்பான். முன்னால் போகிறவன் காலை ஊன்றி, கைப்பிடியை மடக்கி, மண்சுவரோடு ஒட்டி நின்று வழி விட வேண்டும். யாராக இருந்தாலும் விட வேண்டும். அன்புராஜ் எப்போதும் பின்னாலிருந்துதான் வருவான், எப்போதும் முந்திவிடுவான்.

போன ஐப்பசி மழையில் அந்த அன்புராஜ் ஓடை விளிம்பில் சறுக்கி, தலைகுப்புற விழுந்து, கழுத்து முறிந்து செத்தான். இருபத்தெட்டு வயது. அவன் அம்மா காசம்மாள் போட்ட கூச்சலில் தெருவே அழுதது.

அந்த ஊருக்குச் சுடுகாடு ஆற்றங்கரையில். போகும் வழியும் அதே முந்திரித் தோப்பு, அதே ஓடைதான். பாடைக்கு வேறு வழி கிடையாது; ஓடைக்குள் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராகத் தூக்கிப் போவார்கள். தோப்பு முடிந்து ஓடை இறங்கும் இடத்தில் ஒரு கல் உண்டு. பாடையை அங்கே இறக்கி, திசை மாற்றித் தூக்குவார்கள். அதுவரை வீட்டைப் பார்த்து வந்த பிணத்தின் முகம் அதற்குப் பிறகு ஆற்றைப் பார்க்கும். செத்தவருக்கு வீட்டுக்கு வரும் வழி மறந்துபோக வேண்டும், அதற்காக. அன்புராஜின் பாடையைத் திருப்பிய நாலு பேரில் ராஜ்மோகனும் ஒருவன்.

அப்படித் திருப்பிய அதே ஆள்தான் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயம் வைத்தான். வெளியூர்க்காரர்கள் வழி தவறக் கூடாது என்று, ஆற்றங்கரையிலிருந்து தன் வீட்டுக் கொல்லை வரை மரத்துக்கு மரம் சிவப்புத் துணி கட்டினான். திருப்பத்துக்குத் திருப்பம் அம்புக்குறிப் பலகை அடித்தான். ஒன்று சுடுகாட்டு வேலிக் கம்பத்திலேயே. எல்லா அம்பும் அவன் வீட்டைத்தான் காட்டின. அசலூர்க்காரன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். இவனுக்கு என்ன கேடு? புத்தியில் உறைக்கவே இல்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். இடுப்பில் ஆறு மாதக் கைக்குழந்தையோடு தேவி வந்து நின்றாள்.

"உச்சி நேரத்துல ஆத்துப் பக்கம் போவாத. சாயந்தரமா போயேன்."

"சாயந்தரம் கடையில ஆளு வருதுடி."

மகள் தர்ஷிகாவுக்கு ஏழு வயது. கையில் கட்டம் போட்ட கொடி. கொல்லைக் கதவருகே அவளை நிற்க வைத்து ராஜ்மோகன் ஒத்திகை சொல்லிக்கொடுத்தான்.

"மொதல்ல வர்றவங்களுக்குக் கொடி ஆட்டணும். தண்ணி குடுக்கணும். வூட்டுக்குள்ள வாங்கன்னு கூப்புடணும். சரியா?"

"இன்னைக்கு நீ மட்டும்தானப்பா வருவ?"

"ஆமா. அப்ப நான்தான் ஃபர்ஸ்ட்டு."

சிரித்துக்கொண்டேதான் போனான்.

ஆற்றங்கரையில் சைக்கிளைத் திருப்பியபோது மணி பன்னிரண்டு பத்து. நல்ல வெயில். ஓடைக்குள் இறங்கினான். வழக்கமாக அங்கே மயில் அகவும். அன்று சத்தமே இல்லை. காற்றும் இல்லை. ஆனால் மரத்தில் கட்டிய துணியெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது... அவன் தாண்டிப் போன பிறகு.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டிக்... டிக்... டிக்... டிக்...

மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சைக்கிளை உருள விட்டால் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் போடும் சத்தம். தன்னுடையதாக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் அவன் மிதித்துக்கொண்டிருந்தான்.

திரும்பிப் பார்த்தான். வளைவு. யாரும் இல்லை.

யாரோ பையன் இன்றைக்கே ஓட்டிப் பார்க்க வந்திருப்பான் என்று தன்னையே தேற்றிக்கொண்டான். ஏற்றம் வந்தது. எழுந்து நின்று மிதித்தான். ஏற்றத்தில் மிதிக்காமல் எவனும் ஏற முடியாது. மிதித்தால் அந்தச் சத்தம் வராது.

ஏற்றத்திலும் வந்தது.

டிக் டிக் டிக் டிக்...

நெருங்கியது.

குறுகலான இடம். கைப்பிடியின் இரண்டு முனையும் மண்சுவரை உரசின. பின்கழுத்தில் ஈரமாக ஒரு மூச்சு. மழை பெய்த மண்ணின் வாடை. மழை பெய்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

"சைடு."

தெரிந்த குரல்.

அவன் மட்டும் நகராமல் நின்றிருந்தால்... அங்கே யாராலும் தாண்டியிருக்க முடியாது. பயம் அவனை யோசிக்க விடவில்லை. பழகிய கால் தானாக ஊன்றியது. உடம்பு தானாகச் சுவரோடு ஒட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

வழி விட்டான்.

குளிர்ச்சியாக ஏதோ அவன் முட்டியை உரசிக்கொண்டு போனது.

டிக்டிக்டிக்டிக்...

மேலே போனது. தோப்புக்குள் போனது. அம்புக்குறி காட்டிய பக்கம் போனது.

அந்த அம்பைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. என்ன காரியம் செய்துவிட்டேன் என்று வாய்விட்டுக் கத்தினான். முள்ளும் கிளையும் கிழிக்கக் கிழிக்க மிதித்தான்.

கொல்லையில் தர்ஷிகா நின்றுகொண்டிருந்தாள். கொடியை ஆட்டவில்லை.

"நீ ரெண்டாவதுப்பா."

"யாருடி... யாரு மொதல்ல?"

"அன்பு மாமா."

அவன் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைப் பார்த்தான்.

"தண்ணி குடுத்தேன். குடிக்கல, தலய நிமுத்தவே முடியல அவருக்கு. வூட்டுக்குள்ள வாங்கன்னு கூப்புட்டேன்."

"வந்தாரா?"

"உள்ளதான் கீறாரு."

வீட்டுக்குள் தேவி குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. கொல்லைக் கதவிலிருந்து கூடம் வரை தரையில் செம்மண் ஈரமாக ஒரு கோடு. ஒரே ஒரு டயரின் தடம். கூடத்து நடுவில் நின்றுவிட்டது.

ராஜ்மோகன் பந்தயத்தை நிறுத்தினான். அன்றிரவே தர்ஷிகாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் என்னென்னவோ பார்த்தார்கள். இன்ன காய்ச்சல் என்று கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில், "மாமா என்ன டபுள்ஸ் கூப்புடுறாரு" என்று சொன்னாள். அதோடு சரி.

குழந்தைக்குப் பாடை கிடையாது. பெற்றவன்தான் கையில் ஏந்திப் போனான். கல்லருகே வந்ததும் காசம்மாள் வீட்டுப் பெரியவர் வீரமணி அவனை நிறுத்தினார்.

"மூஞ்சத் திருப்பிப் புடிப்பா."

பெற்ற மகளுக்கு வீட்டு வழி மறக்கட்டும் என்று, பெற்றவனே திருப்பிப் பிடித்தான்.

மறுநாள் அத்தனை துணியையும் அவிழ்த்தான், அம்புக்குறிகளைப் பிடுங்கி எரித்தான். அதற்கடுத்த நாள் போனால், மரத்துக்கு மரம் துணி. அவிழ்த்தான். மறுபடியும் கட்டியிருந்தது. செத்தவன் வேலை என்று நினைத்தான். வீட்டில் இன்னும் ஒரு கைக்குழந்தை இருக்கிறதே... அன்றிலிருந்துதான் உச்சி நேரத்தில் அந்தக் குறுகலான இடத்தில் சைக்கிளைக் குறுக்கே போட்டு நிற்கிறான்.

சத்தம் வரும். முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்.

"சைடு."

நகர மாட்டான்.

அப்புறம் இன்னொரு குரல், சின்னதாக.

"சைடு குடுப்பா... வூட்டுக்குப் போவணும்பா. வழி தெரியலப்பா."

அழுவான். நகர மாட்டான். ஒருநாள் தாங்க முடியாமல் இதைத் தேவியிடம் சொல்லித் தொலைத்தான்.

போன வாரம் தோப்பில் ஒரு துணியை அவிழ்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சிவப்புத் துணி இல்லை. மஞ்சளில் சின்னச் சின்னப் பூ போட்டது. தர்ஷிகாவின் பொங்கல் பாவாடை.

வீட்டுக்கு ஓடினான். தேவி கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மிச்சப் பாவாடையைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் கட்டுறியா? ஆரம்பத்துலருந்து நீதானா?"

"ஆமா. கொயந்த மூஞ்சத் திருப்பிட்டீங்க, அது எப்புடி வரும்? வழி தெரியலன்னு நீயே சொன்னியே."

"அவ தனியா வர்லடி! அவன் கூடக் கீறான்!"

"தெரியும்" என்றாள் தேவி. "அந்தப் பக்கம் நீ மறிச்சிகினு நில்லு. நான் ஓடைய வுட்டு மேட்டு மேலயே தோப்பச் சுத்தி வேற வழி கட்டிட்டேன்."

கொல்லைக் கதவு திறந்திருந்தது. படியில் இரண்டு தம்ளர் தண்ணீர் வைத்திருந்தாள். ஒன்று காலியாக இருந்தது.